விளைந்த நெல்லை எங்கே விற்பது?

(பத்தாம் வகுப்பு மாணவியர்)



திருவிழாக் காலத்தில் நம் ஊருக்கு வருவோர் மலையையும் கோபுரத்தையும் கண்டு மகிழ்ந்து திரும்புகின்றனர். மலையைச் சுற்றி வெகுதூரம் விரிந்து கிடக்கும் வயல்களை அவர்கள் பேருந்துச் சன்னல் வழியே பார்ப்பதோடு சரி. நம் பள்ளியில் பயில்வோரில் பலர் அவ்வயல்களிலிருந்து வருகிறவர்கள். ஏரியையும் கிணற்றையும் நம்பி, சம்பா, நவரை, சொர்ணவாரி எனப் பட்டந்தோறும் நெல் விளைவிக்கும் குடும்பங்கள் நம்முடையவை. நெல்லை எப்படி விளைவிப்பது என்று பாடநூலில் படிக்கிறோம். விளைந்ததை எப்படி விற்பது என்பதையோ வீட்டுத் திண்ணையில் பெரியவர்கள் கவலையோடு பேசிக்கொள்ளும்போதுதான் கேட்கிறோம்.

இவ்வாண்டு எங்கள் வகுப்பு மன்றத்தில், "உழவர்க்கு நன்மை தருவது பொது விற்பனையா, திறந்த சந்தையா?" என்ற தலைப்பில் பட்டிமன்றம் நடத்தினோம். இரு கட்சியினரும் நன்றாகவே பேசினர். கைத்தட்டலும் குறைவில்லை. இறுதியில் ஒரு தோழி எழுந்து, "எங்கப்பாவுக்கு இந்த ரெண்டு வழியும் தெரியும். சித்திரை மாசம் மழை வந்துச்சு. நெல்லைக் கொட்டி வைக்க இடமில்லை. களத்துக்கு வந்த வியாபாரிகிட்டயே போட்டுட்டாரு. நாலு நாள் காத்திருக்கத்தான் முடியல" என்றாள். அதன்பின் எவரும் கைத்தட்டவில்லை.

நடுவராக இருந்த அருட்சகோதரி அவர்கள் தீர்ப்புக் கூற மறுத்துவிட்டார்கள். "வீட்டில் கேளுங்கள், கணக்குப் போட்டுப் பாருங்கள், பிறகு எழுதுங்கள்" என்று மட்டும் சொன்னார்கள். அவ்வாறு கேட்டும் கணக்கிட்டும் நாங்கள் அறிந்தவற்றை இங்கே தருகிறோம்.

1. நெல்லுக்கு மூன்று வாசல்கள்

நம் மாவட்டத்தில் அறுவடையான நெல் பெரும்பாலும் மூன்று வாசல்களில் ஏதேனும் ஒன்றின் வழியாக வீட்டைவிட்டுப் போகிறது.

முதலாவது, களத்து வாசல். வியாபாரியோ தரகரோ களத்துக்கே வந்து, நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்து விலை பேசி, மூட்டை பிடித்து லாரியில் ஏற்றிச் செல்கிறார். அந்நெல் ஆரணி, களம்பூர் போன்ற ஊர்களின் அரிசி ஆலைகளுக்குப் போய்ச் சேருகிறது. இதுவே திறந்த சந்தை. வண்டி வாடகை இல்லை, அலைச்சல் இல்லை, பணமும் பெரும்பாலும் கைக்கு வந்துவிடுகிறது.

இரண்டாவது, ஒழுங்குமுறை விற்பனைக் கூடம். திருவண்ணாமலை, சேத்துப்பட்டு, ஆரணி, போளூர், வந்தவாசி முதலிய ஊர்களில் இக்கூடங்கள் உள்ளன. உழவர் நெல்லைக் கொண்டு வந்து குவியலாக வைக்கிறார். வியாபாரிகள் ஒவ்வொருவரும் தாம் தரக்கூடிய விலையைச் சீட்டில் எழுதித் தருகின்றனர். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. இதற்கு மறைமுக ஏலம் என்று பெயர். மிக உயர்ந்த விலை அறிவிக்கப்பட்டதும், அதற்கு இசைவதும் மறுப்பதும் உழவரின் விருப்பம். கூடத்துக்கான கட்டணத்தை வியாபாரியே செலுத்துகிறார். உழவரிடம் வாங்குவதில்லை.

மூன்றாவது, அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையம். 1972-ஆம் ஆண்டு தோன்றிய தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் இதனை நடத்துகிறது. இங்கு பேரமும் இல்லை, ஏலமும் இல்லை. அரசு முன்கூட்டியே அறிவித்த விலை எல்லார்க்கும் ஒன்றே. 2025–26 கொள்முதல் பருவத்துக்கு மத்திய அரசு குவிண்டால் ஒன்றுக்குப் பொது ரகத்துக்கு ரூ. 2,369 என்றும், சன்ன ரகத்துக்கு ரூ. 2,389 என்றும் விலை வைத்தது. மாநில அரசு ஊக்கத்தொகை சேர்த்து முறையே ரூ. 2,500, ரூ. 2,545 என அறிவித்தது. இவ்வாறு வாங்கும் நெல் அரிசியாகி நியாயவிலைக் கடைகளுக்குச் செல்கிறது. விற்க வருபவர் சிட்டா, அடங்கல் ஆகியவற்றைக் காட்டிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பணம் வங்கிக் கணக்கில் வந்து சேரும்.

2. விற்பனைக் கூடம் ஏன் தோன்றியது?

இவ்வாசல்கள் மூன்றும் என்றும் இருந்தவை அல்ல. நம் பாட்டனார்களின் காலத்தில் களத்து வாசல் ஒன்றே இருந்தது. விதைப்புக்குக் கடன் கொடுத்தவரே விளைந்ததையும் வாங்கினார். விலையை அவரே சொன்னார், தராசும் அவருடையதே. சந்தைக்குச் சென்றாலோ, துண்டின் மறைவில் விரல்களைத் தொட்டு விலை பேசும் வழக்கம் இருந்தது. பொருளுக்குரியவர் பக்கத்தில் நின்றும் என்ன விலை பேசினார்கள் என்று அறியமாட்டார்.

இக்குறையை நீக்க ஒழுங்குபடுத்திய சந்தைகள் வேண்டும் என்று 1928-இல் அரச வேளாண்மைக் குழு பரிந்துரைத்தது. 1933-இல் சென்னை மாகாணத்தில் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் பிறந்தது. அச்சட்டப்படி மாகாணத்தின் முதல் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் 1936-இல் திருப்பூரில் பருத்திக்காக ஏற்பட்டது. பின்னர் நெல், மணிலா முதலிய பிற விளைபொருள்களுக்கும் இம்முறை விரிந்தது.

அரசு நேரடியாக நெல் வாங்கும் முறை இதற்குப் பிந்தியது. உணவுப் பஞ்சம் வாட்டிய 1960-களில், 1965-இல், இந்திய உணவுக் கழகமும், விலையைப் பரிந்துரைக்கும் வேளாண் விலைக் குழுவும் அமைக்கப்பட்டன. உழவர்க்குக் குறைந்தபட்ச விலை, ஏழைக்கு மலிவான அரிசி என்ற இரு நோக்கங்கள் இதில் இணைந்திருந்தன.

3. இரு கட்சிகளின் வாதம்

பொது விற்பனைக் கட்சியினர் கூறியது இது: உழவர் ஆயிரம் பேர், வாங்குவோர் நாலைந்து பேர். தனித்தனியே நின்றால் ஆயிரம் பேரும் ஒருவரோடொருவர் போட்டியிட்டு விலையைத் தாமே இறக்கிக்கொள்வர். ஒன்றாக நின்று விற்றால், அல்லது எல்லார்க்கும் ஒரே விலை என அரசு வாங்கினால், ஓர் ஏக்கர்காரருக்கும் இருபது ஏக்கர்காரருக்கும் ஒரே மதிப்புக் கிடைக்கும். மேலும் அரசு விலை என ஒன்று இருப்பதால்தான், களத்துக்கு வரும் வியாபாரியும் அதைவிட மிகவும் தாழ்த்திக் கேட்கத் தயங்குகிறார்.

திறந்த சந்தைக் கட்சியினர் விட்டுக்கொடுக்கவில்லை. எல்லார்க்கும் ஒரே விலை என்றால் நல்ல நெல் விளைவிப்பவருக்கு என்ன ஊக்கம் என்று கேட்டனர். 2025–26 பருவத்தின் அரசு விலையில் பொது ரகத்துக்கும் சன்ன ரகத்துக்கும் வேறுபாடு குவிண்டாலுக்கு ரூ. 45 மட்டுமே. உண்பதற்கு விரும்பி வாங்கும் சன்ன அரிசிக்கோ கடையில் மிகுந்த விலை. ஆகவே அவ்வகை நெல்லைப் பயிரிட்டவர் ஆலைக்காரரிடம் விற்பதே முறை என்றனர். கொள்முதல் நிலையம் பருவத்தில் மட்டுமே திறந்திருக்கும். முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். வியாபாரி என்றும் வருவார் என்பதும் அவர்கள் வாதம்.

இரண்டிலும் உண்மை இருப்பதைக் கண்டோம். குண்டு நெல் விளைவிக்கும் தோழியின் வீட்டிலும் சன்ன நெல் விளைவிக்கும் தோழியின் வீட்டிலும் விடை வேறாகவே இருந்தது.

4. ஒரு வீட்டுக் கணக்கு

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்பது பழமொழி. ஆயினும் கணக்குப் பார்த்துவிடுவது என்று துணிந்தோம். கீழ்க்காணும் கணக்கில் நெல்லின் அளவு, வியாபாரி விலை, செலவு ஆகியவை எடுத்துக்காட்டுக்காக நாங்களே கொண்டவை.

இரண்டு ஏக்கரில் 75 கிலோ மூட்டை 60 கண்டது என்போம். மொத்தம் 45 குவிண்டால். அறுத்த அன்றே வியாபாரி மூட்டைக்கு ரூ. 1,500 தருகிறார். அதாவது குவிண்டாலுக்கு ரூ. 2,000. கைக்கு வருவது ரூ. 90,000. அதே 45 குவிண்டாலை ரூ. 2,500 விலையில் கணக்கிட்டால் ரூ. 1,12,500. வேறுபாடு ரூ. 22,500. இதைக் கண்டதும், "வியாபாரி இவ்வளவு எடுத்துக்கொள்கிறாரா!" என்று நாங்கள் வியந்தோம்.

ஆனால் எங்கள் கணக்கில் ஒரு பிழை இருந்தது. ஈரத்தை மறந்துவிட்டோம். இயந்திரம் அறுத்த புது நெல்லில் ஈரம் மிகுதி. கொள்முதல் நிலையத்தில் பொதுவாக 17 விழுக்காடு வரை ஈரப்பதமுள்ள நெல்லையே ஏற்பர். மழைக்காலத்தில் சில வேளைகளில் இது தளர்த்தப்படுவதும் உண்டு. நம் நெல்லில் 22 விழுக்காடு ஈரம் இருந்தால், நூறு கிலோவில் நீர் 22 கிலோ, உலர்ந்த பொருள் 78 கிலோ. காயவைத்து ஈரத்தை 17 விழுக்காட்டுக்குக் கொண்டு வரும்போது, அந்த 78 கிலோ மொத்த எடையில் 83 விழுக்காடாக அமைய வேண்டும். 78-ஐ 83-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் ஏறத்தாழ 94 கிலோ வரும். நூறு கிலோ நெல் காய்ந்தால் 94 கிலோ.

அவ்வாறாயின் நம் 45 குவிண்டால் ஏறத்தாழ 42.3 குவிண்டால் ஆகும். அதன் விலை சுமார் ரூ. 1,05,700. களத்து விலையோடு ஒப்பிட்டால் வேறுபாடு ரூ. 15,700. காயவைக்கும் கூலி, வண்டி வாடகை, ஏற்றுக்கூலி எல்லாம் சேர்ந்து ரூ. 4,000 என்போம். வீட்டில் ரூ. 50,000 கடன் மூன்று வட்டிக்கு இருந்தால், ஒரு மாதம் காத்திருக்க வட்டி ரூ. 1,500. இவற்றைக் கழித்தால் மிஞ்சுவது ரூ. 10,200.

இதிலிருந்து இரண்டு உண்மைகளைக் கற்றோம். வியாபாரி விலை குறைத்துக் கேட்பதெல்லாம் ஏமாற்று அன்று. ஈரத்துக்காகக் குறைப்பதில் நியாயம் உண்டு. எவ்வளவு குறைக்கலாம் என்பதற்கும் கணக்கு உண்டு; அதற்கு மேல் குறைத்தால் கேட்க வேண்டும். மற்றொன்று, காத்திருக்க முடிந்தவருக்குப் பத்தாயிரம் ரூபாய் உண்டு, முடியாதவருக்கு இல்லை.

எடைக்கும் ஒரு கணக்கு உண்டு. மூட்டைக்கு ஒரு கிலோ எடை தவறினால் 60 மூட்டைக்கு 60 கிலோ. ரூ. 2,500 விலையில் அது ரூ. 1,500. ஒரு மாத வட்டியும் ஒரு கிலோ எடைத் தவறும் ஒரே தொகை!

5. கடல் கடந்தும் இதே வழக்கு

இவ்வழக்கு நம் நாட்டுக்கு மட்டும் உரியதோ என்று எண்ணியிருந்தோம். உலகப் படத்தில் வடஅமெரிக்கக் கண்டத்தைக் காட்டி, கனடா நாட்டுக் கோதுமை விவசாயிகள் பல்லாண்டுகள் இதே வழக்கை நடத்தியதை அருட்சகோதரி அவர்கள் விளக்கினார்கள்.

கனடாவின் மேற்குச் சமவெளியில் 1920-களில் விவசாயிகள் கூட்டுறவாகச் சேர்ந்து கோதுமையை ஒன்றாக விற்றனர். 1929-க்குப் பின் உலகெங்கும் விலை வீழ்ந்தபோது அக்கூட்டுறவுகளின் பொது விற்பனை அமைப்பு நொடித்தது. 1935-இல் அரசு கனடா கோதுமை வாரியத்தை அமைத்தது. 1943 முதல் அச்சமவெளியின் கோதுமையை வாரியத்தின் வழியாகவே விற்க வேண்டும் என்பது சட்டமாயிற்று. கோதுமையை ஒப்படைக்கும்போது முன்பணம். ஆண்டு முழுவதும் விற்று வந்த தொகையின் சராசரியைக் கணக்கிட்டு, மீதிப் பணம் பின்னர். ஒரே தரக் கோதுமைக்கு முன்னே விற்றவருக்கும் பின்னே விற்றவருக்கும் ஒரே விலை.

பலர் இதைப் பாதுகாப்பு என்று போற்றினர். வேறு சிலர், "எங்கள் கோதுமையை எங்களுக்கு விருப்பமானவரிடம் விற்க உரிமை இல்லையா?" என்று கேட்டனர். உரிமம் இன்றி எல்லை கடந்து அமெரிக்காவுக்குத் தானியம் கொண்டு சென்று, அபராதம் கட்ட மறுத்து, 2002-இல் சிறை சென்றவர்களும் உண்டு. 2011-இல் வாரியம் நடத்திய வாக்கெடுப்பில், வாக்களித்த கோதுமை விவசாயிகளில் 62 விழுக்காட்டினர் பழைய முறையே வேண்டும் என்றனர். அரசோ அவ்வாக்கெடுப்பு தன்னைக் கட்டுப்படுத்தாது என்று கூறிப் புதுச் சட்டம் இயற்றியது. 2012 ஆகஸ்ட் 1 முதல் திறந்த சந்தை வந்தது.

நம் நாட்டிலும் 2020-இல், ஒழுங்குமுறைக் கூடங்களுக்கு வெளியே தடையின்றி விற்கலாம் என்பதை உள்ளடக்கிய மூன்று வேளாண் சட்டங்கள் வந்தன. உழவர்க்கு உரிமை என்று அரசு கூறியது. கூடங்கள் தேய்ந்து, அரசு விலையும் காலப்போக்கில் மறைந்துவிடும் என்று பஞ்சாப், அரியானா விவசாயிகள் அஞ்சினர். 2020 நவம்பர் முதல் ஓராண்டுக்கு மேல் தில்லி எல்லையில் அறப்போர் நடத்தினர். 2021 நவம்பரில் நாடாளுமன்றம் அச்சட்டங்களைத் திரும்பப் பெற்றது.

6. கனடாவுக்கும் நமக்கும் உள்ள வேறுபாடு

இவ்விரு நாட்டுக் கதைகளையும் ஒப்பிட்டபோது எங்களுக்கு ஒன்று விளங்கியது. கனடா விவசாயியின் நிலம் நூற்றுக்கணக்கான எக்டேர். அவரது பண்ணையிலேயே தானியம் சேமிக்கப் பெரிய இரும்புக் கொட்டில்கள் நிற்கின்றன. விலை பிடிக்காவிட்டால் பொறுத்திருந்து பார்ப்பார். தமிழ்நாட்டிலோ 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி ஓர் உழவரின் சராசரி நிலம் 0.75 எக்டேர், இரண்டு ஏக்கருக்கும் குறைவு. சேமிக்க இடம் இல்லை. காயவைக்கத் தார்ச்சாலையே களம். வானம் இருண்டால் தார்ப்பாயைத் தேடி ஓட்டம்.

நம் பாட்டிமார் வீடுகளில் குதிரும் தொம்பையும் இருந்தன. நெல்லைக் கொட்டி வைத்து, வேண்டும்போது எடுத்து விற்றார்கள். இன்று அவை பல வீடுகளில் இல்லை. இயந்திரம் ஒரே நாளில் அறுத்துக் கொட்டிவிடுகிறது. அறுவடை விரைந்தது; சேமிக்கும் இடம் குறைந்தது.

ஆகவே எங்கள் முடிவு இது: பொது விற்பனை, திறந்த சந்தை இவற்றில் எது சிறந்தது என்பதற்கு முன்னே கேட்க வேண்டிய கேள்வி, உழவரால் எத்தனை நாள் காத்திருக்க முடியும் என்பதே. காத்திருக்க இயலாதவருக்கு மூன்று வாசல் இருந்தும் ஒரு வாசலே திறந்திருக்கிறது. காத்திருக்க முடிந்தவருக்கு மூன்றும் திறந்திருக்கின்றன. அவர் தம் நெல்லின் ரகத்துக்கு ஏற்ற வாசலைத் தேர்ந்துகொள்வார்.

7. காத்திருக்கும் வலிமை எங்கிருந்து வரும்?

ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் கிடங்கு வசதி உண்டு. அங்கே நெல்லை இருப்பு வைத்து, அதன் மதிப்பில் 75 விழுக்காடு வரை பொருளீட்டுக் கடன் பெறலாம். 180 நாட்கள் வரை தவணை உண்டு. விலை உயர்ந்தபின் விற்றுக் கடனை அடைக்கலாம். எங்கள் வகுப்பில் விசாரித்தபோது பல வீடுகளில் இப்படியொரு வசதி இருப்பதே தெரியவில்லை. பெற்றோரே, இதை எழுதுவதற்கு இது ஒன்றே போதுமான காரணம் என்று நினைத்தோம்.

கூட்டாகச் செய்வதும் ஒரு வலிமை. தமிழக அரசு 2017–18-இல் தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் இருபது உழவர் சேர்ந்து ஓர் ஆர்வலர் குழு, ஐந்து ஆர்வலர் குழுக்கள் சேர்ந்து நூறு பேர் கொண்ட உற்பத்தியாளர் குழு என அமைத்தனர். ஒவ்வோர் உற்பத்தியாளர் குழுவுக்கும் ரூ. 5 லட்சம் தொகுப்பு நிதி வழங்கப்பட்டது. இருபது வீட்டார் சேர்ந்தால் தார்ப்பாயும் எடைக்கருவியும் ஈரமானியும் பொதுவில் வாங்கலாம். ஒரே வண்டியில் நெல் ஏற்றலாம். ஒருவர் நெல் நனையும்போது மற்றவர் ஓடி வரலாம். பால் சங்கத்தில் நாள்தோறும் இதைத்தானே பார்க்கிறோம்? ஒரு வீட்டு இரண்டு லிட்டர் பாலை வாங்க நகரத்திலிருந்து எவரும் வரமாட்டார். ஊர்ப் பாலெல்லாம் சேர்ந்தபோது வண்டி வருகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டில் அவசரமாக நெல்லை விற்பதற்குக் காரணம் என்ன என்று எல்லாரும் கேட்டு வந்தோம். உரக்கடைக் கடன், நகைக்கடன், மருத்துவச் செலவு, திருமணம் என்று பல காரணங்கள் வந்தன. ஜூன் மாதக் கல்விக் கட்டணம் என்று சிலர் எழுதிக் கொண்டு வந்தனர். நம் சீருடைக்கும் புத்தகத்துக்கும் கட்டணத்துக்கும் காய்ந்தும் காயாத நெல் களத்திலிருந்து போயிருக்கிறது. இவ்வரிகளை எடுத்துவிடலாமா என்று அருட்சகோதரி அவர்களிடம் கேட்டோம். சற்று நேரம் பேசாமல் இருந்து, "இருக்கட்டும், எல்லாரும் படிக்க வேண்டியதுதான்" என்றார்கள்.

பட்டிமன்றத்தில் எழுந்து பேசிய தோழி இக்கணக்கை ஒரு தாளில் எழுதி வீட்டுக்கு எடுத்துச் சென்றாள். அவள் தந்தையார் அதை இருமுறை படித்துவிட்டு, "ஈரக் கணக்கு சரிதான். கிடங்குக் கடனுக்கு என்ன காகிதம் வேணும்னு கேட்டுட்டு வா" என்றாராம். அடுத்த அறுவடைக்கு இன்னும் நாள் இருக்கிறது.

சிந்தித்து விடை காண்க

1. உங்கள் வீட்டு நெல் சென்ற பட்டத்தில் எந்த வாசல் வழியாக விற்கப்பட்டது? ஏன்?

2. 20 விழுக்காடு ஈரமுள்ள ஆயிரம் கிலோ நெல்லை 17 விழுக்காட்டுக்குக் காயவைத்தால் எத்தனை கிலோ இருக்கும்? (விடை: ஏறத்தாழ 964 கிலோ)

3. அறுவடை முடிந்த பின் உங்கள் வீட்டால் எத்தனை நாள் காத்திருக்க முடியும்? அதை ஒரு வாரம் கூட்ட என்ன செய்யலாம்?